பாதம் பார்க்கப் போய் வேட்பாளரான டாக்டர்

புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். வீட்டில் உங்கள் வேலை என்னவென்று சொல்லி வைத்திருக்கிறீர்கள்? இதை நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஊர்ப்பக்கத்துச் சின்ன கிளினிக்குகளுக்குப் போகிறோம். அங்கிருக்கும் டாக்டரோடும் நர்ஸோடும் உட்கார்ந்து, வருகிற நோயாளிகளை இன்னும் நன்றாகக் கவனிக்க எதை மாற்றலாம் என்று யோசிக்கிறோம். மாற்றியது நிலைக்கிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறோம். நம் வேலை இவ்வளவுதான். ஆனால் இதை யாருக்கும் புரிய வைக்க முடியாது. என் அம்மா நான் மருந்து விற்கிறேன் என்றே நம்பினார். என் மாமியார் சொந்தக்காரர்களிடமெல்லாம், "எங்க மருமக டாக்டருக்கெல்லாம் டாக்டர்" என்று சொல்லி வைத்ததில், கல்யாண வீடுகளில் பந்திக்கு நடுவே முழங்கால்களை நீட்டிக் காட்டினார்கள்.

வீட்டில் என்ன நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. வேலை செய்யப் போகிற ஊரில் நம்மை என்னவாக நினைக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் என்னைத் தேர்தல் வேலைக்காக சென்னையிலிருந்து இறக்கப்பட்ட ஆள் என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகிற பஸ்ஸில் ஏறி நடுவில் இறங்க வேண்டும். வெண்ணாற்றங்கரையில் பெரிய ஊர். பெயர் வேண்டாம், இன்றும் அங்கே எனக்கு நல்ல பெயர் இருக்கிறது. பழைய ரைஸ்மில் ஒன்றின் முன்பகுதியைத் தடுத்து கிளினிக் ஆக்கியிருந்தார்கள். டாக்டர் ஐம்பதை நெருங்கியவர். நல்ல மருத்துவர், ஆனால் மகா கூச்சக்காரர். நோயாளியை நாக்கை நீட்டச் சொல்வதற்கே இரண்டு முறை தொண்டையைக் கனைத்துக்கொள்வார். கோயில் திருவிழாவில் பரிவட்டம் கட்டிவிடுவார்களோ என்று பயந்து, திருவிழா நாளில் தஞ்சாவூரிலுள்ள வீட்டுக்கு ஓடிவிடுவார். அவரோடு இருந்த நர்ஸ் செல்விக்குக் கூச்சம் என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

நான் முதலில் அங்கே போனபோது டாக்டர் மனம் நொந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் பல வருஷமாகச் சர்க்கரைக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குத்தகை விவசாயிக்கு, தஞ்சாவூரில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். வயலில் நண்டு வளை தோண்டும்போது ஏதோ கிழித்திருக்கிறது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு வலிக்கவில்லை. வலிக்காததால் அவர் சொல்லவில்லை.

"மாசாமாசம் வந்தாரு மேடம்," என்றார் டாக்டர். "மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பாத்தேன், பிரஷர் பாத்தேன். அவரு காலை நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல."

கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அன்றைக்கே முடிவு செய்தோம். இனி சர்க்கரை நோயாளி யார் வந்தாலும் நாற்காலியில் உட்கார வைத்து, காலை ஒரு முக்காலியில் தூக்கி வைக்கச் சொல்லி, டாக்டரே குனிந்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செலவில்லாத வேலை, ஆளுக்குச் சில நிமிஷம். இதைவிட எளிய மாற்றத்தை எந்த கிளினிக்கிலும் நான் கொண்டுவந்ததில்லை என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் நான் போனபோது டாக்டரின் நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

"என்ன டாக்டர்?"

அவர் கனைத்தார். செல்வி பதில் சொன்னார். "முட்டிக்கிட்டாங்க மேடம். காலைலேருந்து இது மூணாவது மண்டை."

நடந்தது இதுதான். டாக்டர் குனிந்து காலைத் தொடப்போனதும், நோயாளிக்குப் பதறிவிடும். படித்த மனிதர், உயிர் காக்கிறவர், அவர் போய் நம் காலைத் தொடுவதா? "ஐயோ, நீங்க போயி என் கால..." என்று அவரும் குனிந்து டாக்டரின் காலைத் தொடப் பாய்வார். இரண்டு தலைகளும் நடுவழியில் சந்தித்துக்கொள்ளும். உர மூட்டை தூக்கிப் பழகிய ஆட்களின் தலை, சும்மா இல்லை.

பெண்கள் விஷயம் வேறு மாதிரி. அவர்கள் டாக்டர் ஆசீர்வாதம் வாங்குகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் இருக்கும்போதே நடவு ஆள்களின் தலைவியான ஓர் அம்மாள், டாக்டர் குனிந்ததும் எழுந்து நின்று, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து திருநீறு எடுத்து அவர் நெற்றியில், சரியாக அந்த வீக்கத்தின் மேலேயே, பூசிவிட்டார்.

"நல்லாருங்க தம்பி. பொண்ணுக்குச் சீக்கிரம் நல்ல எடம் அமையும்."

டாக்டருக்குப் பெண் கிடையாது. ஒரே பையன்தான். அதைச் சொல்ல வாயெடுத்தவர், கூச்சப்பட்டு, "சரிங்கம்மா" என்றுவிட்டார். கால் பார்க்கப்படாமலே அந்த அம்மாள் நிறைவாக வீட்டுக்குப் போனார்.

முட்டிக்கொள்வதைத் தடுக்க, செல்வி நோயாளியின் தோளை நாற்காலியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்தோம். அது பார்ப்பதற்கு ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு ஏதோ செய்வதுபோல் இருந்தது என்பது உண்மை. ஆனாலும் மண்டைகள் தப்பின. அடுத்த சிக்கல் வந்தது. டாக்டர் காலைப் பார்க்கிறார் என்று ஊரில் பரவியதும், காலை அப்படியே கொண்டுவந்து காட்ட எல்லாருக்கும் வெட்கமாகிவிட்டது. சம்பா நட்டுக் களை எடுக்கும் நேரம், எல்லோர் காலும் சேற்றில்தான் இருக்கும். அதனால் கிளினிக் வாசலில் இருந்த அடிபம்பில் கூட்டம். தேங்காய் நாரால் தேய்த்தார்கள், மஞ்சள் பூசினார்கள், மருதாணி வைத்துக்கொண்டு வந்தார்கள். மேலத்தெரு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் இரண்டு பாதங்களுக்கும் பவுடர் போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு வந்தார். வெடிப்பு இருந்தாலும் பவுடருக்குள் மறைந்துபோனது. டாக்டர் ஈரப் பஞ்சால் துடைக்கத் துடைக்க, "கஷ்டப்பட்டுப் போட்டது டாக்டர்" என்று அவர் வருத்தப்பட்டார்.

இதையெல்லாம் பார்த்து நானும் செல்வியும் மருந்து அறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். எப்படியோ, வேலை நகர்ந்தது. நடுநடுவே ஒரு கொப்புளம், ஒரு சேற்றுப்புண், காலில் முள் இருப்பதே தெரியாமல் நடந்த ஒருவர் என்று டாக்டர் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். கண்டுபிடிக்கும்போதெல்லாம் அவர் கனைப்பு கொஞ்சம் குறையும்.

அந்த நேரம் பார்த்து ஊராட்சித் தேர்தல் அறிவித்தார்கள்.

தேர்தல் வந்தால் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். போட்டியிட நினைப்பவர்கள் தெருத்தெருவாகப் போய்ப் பெரியவர்கள் காலில் விழுவார்கள். அதே நாட்களில் ரைஸ்மில்லுக்குள் ஒருவர் காலை முதல் மதியம்வரை வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் தொட்டுக்கொண்டிருந்தார். எதிரே டீக்கடை. அங்கே உட்கார்ந்து பார்த்தால் கிளினிக் ஜன்னல் வழியே டாக்டர் குனிவது மட்டும் தெரியும். எதற்குக் குனிகிறார் என்பது தெரியாது. ஊர் ஒரே முடிவுக்கு வந்தது. டாக்டர் தேர்தலில் நிற்கிறார்.

எனக்கு இது முதலில் தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் டீக்கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். அதுவரை அவர் என்னை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

"நம்ம டாக்டருக்கு என்ன சின்னம் கேக்கப்போறீங்க மேடம்? ஸ்டெதாஸ்கோப் கெடைக்குமா?"

"என்ன சின்னம்? எதுக்கு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "புரியுது. இப்ப வெளில சொல்லக் கூடாது."

கிளினிக்குக்குள் போனால், டாக்டர் மேசையில் இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளுக்கு நடுவே மனுக்கள். கீழத்தெருவுக்குத் தெருவிளக்கு. சுடுகாட்டுக்குப் பாதை. வாய்க்காலைத் தூர்வாரித் தர வேண்டும். ஒருவர் வயிற்றுவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் கூட்டுறவு பேங்கில் தன் மருமகனுக்கு வேலையும் கேட்டிருந்தார்.

"நான் நிக்கலைங்கன்னு எல்லார்ட்டயும் சொல்றேன் மேடம்," என்றார் டாக்டர். அழுதுவிடுவார் போலிருந்தது. "சொல்லச் சொல்ல, 'அடக்கமான மனுஷன்'ங்கிறாங்க."

இதற்கிடையில் யாரோ இளைஞர்கள் மில்லின் பக்கச் சுவருக்கு வெள்ளை அடித்து, 'டாக்டருக்காக ஒதுக்கப்பட்டது' என்று மூலையில் எழுதி வைத்துவிட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து அவர் மனைவி போன் செய்தார். அந்தக் குரல் எனக்கே கேட்டது. "ஊரே சொல்லுது, நீங்க எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலல்ல?"

டாக்டர் போனை வைத்துவிட்டு முக்காலியை எடுத்து அலமாரிக்குப் பின்னால் தள்ளினார்.

"நிறுத்திடுவோம் மேடம். எலெக்‌ஷன் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நாம் கொண்டுபோகிற மாற்றத்தை யாரும் நேருக்கு நேர் எதிர்ப்பது அபூர்வம். அது கேலிக்கூத்தாகிவிடும், அப்போதுதான் நல்ல டாக்டர்கள்கூட அதைக் கைவிட்டுவிடுவார்கள். எதிர்ப்பைத் தாங்குகிற மனிதர்களால் சிரிப்பைத் தாங்க முடியாது. அவரைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமையில்லை, அவர் கிளினிக், அவர் மானம். ஆனால் வெளியே வயலெல்லாம் சேறு, எல்லோர் காலும் அதற்குள். தேர்தல் முடிகிறவரை அந்தக் கால்கள் காத்திருக்குமா? நான் அவரிடம் வாதாடவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் பாப்போம் டாக்டர். சாயந்தரம் முடிவு பண்ணலாம்" என்று மட்டும் சொன்னேன். ஒரு நாளை வாங்கிக்கொண்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மதியம் போல வாசலில் ஆள் சத்தம் கேட்டது. முன்னாள் ஊராட்சித் தலைவர் மாணிக்கம் தன் ஆட்களோடு வந்துவிட்டார். பதவி போன பிறகும் ஊர் அவரை பிரசிடெண்டு என்றுதான் கூப்பிடும். பெரிய உடம்பு, பெரிய மீசை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தெருத்தெருவாக நடக்க வேண்டியிருந்ததால், வேட்டிக்குக் கீழே புத்தம்புதிய வெள்ளை ஷூ போட்டிருந்தார். கூட வந்தவர்கள் சட்டையில் அவர் படம் அச்சிட்ட ரிப்பன் பேட்ஜ் குத்தியிருந்தார்கள். அவரும் டாக்டரின் சர்க்கரை நோயாளிதான். ஆனால் வரமாட்டார். மாத்திரை வாங்க ஆளைத்தான் அனுப்புவார்.

உள்ளே வந்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"இவங்கதான் சென்னைலேருந்து வந்தவங்களா?"

"நான் கும்பகோணம்ங்க," என்றேன்.

"அப்படித்தான் சொல்லுவீங்க," என்று தலையாட்டினார். "மொதத் தேர்தல்லயே ஆலோசகர் வச்சிக்கிட்டு எறங்குறாரே, லேசுப்பட்ட ஆளில்ல." பிறகு டாக்டரிடம் திரும்பிக் கைகூப்பினார். "டாக்டர், நீங்க நமக்கு வேண்டியவரு. மனஸ்தாபம் வேணாம். வாபஸ் வாங்கிடுங்க."

டாக்டர் கனைத்தார். "நான் மனுவே போடலையே."

"அப்ப போட்டுட்டு வாபஸ் வாங்குங்க."

"போடவே மாட்டேங்கிறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கடைசி நாள் சாயந்தரம் மேளத்தோட வந்துடுறாங்க."

"பிரசிடெண்டு, நான் காலைத்தான் பாக்குறேன். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு..."

"நானும் வருஷக்கணக்கா ஓட்டுக்குக் கால் பாத்தவன்தான் டாக்டர். எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. மாணிக்கத்தின் ஆட்கள் ஒரு பக்கம், வெள்ளை அடித்த இளைஞர்கள் ஒரு பக்கம். "எங்க டாக்டரை மெரட்டுறீங்களா?" என்று யாரோ கத்த, "யாருடா மெரட்டுனது?" என்று பதில் வந்தது. செல்வி ஊசி மருந்து வைத்திருந்த தட்டை எடுத்து அலமாரிக்குள் பூட்டினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வாசலில் கைகலப்பு ஆகும் என்பது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த கிளினிக்கில் யார் காலையும் யாரும் பார்க்கப்போவதில்லை என்பதும் தெரிந்தது.

உண்மையைச் சொல்லிப் பயனில்லை, அதை டாக்டர் பத்து விதமாகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் அந்த ஷூவைப் பார்த்தேன். சர்க்கரைக்காரர், புது ஷூ, நாள்முழுக்க நடை. எனக்குச் சுருக்கென்றது.

"பிரசிடெண்டு," என்றேன். "டாக்டர் நிக்கலைன்னு வெளில வந்து எல்லார் முன்னாலயும் சொல்லுவாரு. அதுக்கு முன்னாடி நீங்க இந்த நாற்காலில உக்காந்து காலைக் காட்டுங்க. ஜனங்க பாக்கட்டும். இது வைத்தியமா, ஓட்டுக் கேக்குறதான்னு அவங்களே தெரிஞ்சிக்கட்டும்."

அவர் யோசித்தார். அவர் கண்ணில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. நான் சொன்னது அவருக்குப் புரிந்ததால் வந்த வெளிச்சம் அல்ல அது. அவர் வேறொன்றைக் கண்டுவிட்டார்.

"டாக்டரு என் கால்ல குனிவாரு?"

"குனிவாரு."

"எல்லாரும் பாக்க?"

"பாக்க."

"டேய் முருகா," என்று தன் ஆளைக் கூப்பிட்டார். "போனை எடு. நல்லா வெளிச்சமா வுழணும். என் மொகமும் தெரியணும்." நாற்காலியில், சிம்மாசனத்தில் சாய்வதுபோல் சாய்ந்து, மீசையை நீவிவிட்டுக்கொண்டார்.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். நாம் நினைக்கிற காரணத்துக்காகவே எல்லாரும் வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். போட்டோவுக்காகக் காலை நீட்டினாலும் அது நீட்டின கால்தான்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து முக்காலி திரும்பி வந்தது. கதவைத் திறந்து வைத்தோம். இரண்டு தரப்பும் சண்டையை மறந்து எட்டிப் பார்த்தது. டாக்டர் தரையில் உட்கார்ந்து வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். முருகன் போனைத் தூக்கிப் பிடித்து, "பிரசிடெண்டு, கொஞ்சம் சிரிங்க" என்றான். அவர் சிரித்தார்.

ஷூ வரவில்லை. காலோடு ஒட்டியிருந்தது. டாக்டர் மெதுவாக அசைத்து உருவினார். உள்ளே வெள்ளை சாக்ஸின் அடிப்பகுதி முழுக்கக் காய்ந்த இரத்தம். அதில் ஒரு ரிப்பன் பேட்ஜ் ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தின ராத்திரி கட்டிலடியில் கழற்றிப்போட்ட ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. அதன் குண்டூசி பெருவிரலுக்குக் கீழே முழுதாக உள்ளே இறங்கியிருந்தது. பேட்ஜில் கும்பிட்ட கையும் சிரித்த முகமுமாக மாணிக்கம். காலையிலிருந்து அவர் படமே அவர் காலைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. அதன்மேல் ஏறி நின்று அவர் ஊர் முழுக்க ஓட்டுக் கேட்டிருக்கிறார்.

படம் எடுத்துக்கொண்டிருந்த முருகன் அதைப் பார்த்ததும் போனோடு அப்படியே சரிந்து விழுந்தான். அவனை இழுத்து பெஞ்சில் போட்டுவிட்டுச் செல்வி முகத்தில் தண்ணீர் தெளித்தார். மாணிக்கம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை.

"என்னடா, எடுத்துட்டியா?" என்றார். பிறகு எல்லோர் முகத்தையும் பார்த்தார். குனிந்து காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு காலு?" என்று கேட்டார்.

"உங்க காலுதான் பிரசிடெண்டு."

"எனக்கு வலிக்கலையே."

அந்தப் பெரிய உடம்பு சட்டென்று சின்னதாகிவிட்டதுபோல் இருந்தது. வெளியே ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். கால் போன அந்தக் குத்தகை விவசாயியை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

டாக்டர் எழுந்தார். நானும் செல்வியும் அவர் கனைப்பதற்காகக் காத்திருந்தோம். அவர் கனைக்கவில்லை.

"எல்லாரும் வெளில போங்க. செல்வி, டிரெஸ்ஸிங் செட். பிரசிடெண்டு, இந்தக் காலு இனிமே நான் சொல்ற வரைக்கும் தரையில படக் கூடாது. இங்க சுத்தம் பண்ணி ஊசி போடுறேன். அப்புறம் நேரா தஞ்சாவூர் போயி எக்ஸ்ரே எடுக்கிறீங்க. இன்னிக்கு ஓட்டுக் கேக்கப் போகக் கூடாது."

"இன்னும் வடக்குத் தெரு பாக்கி இருக்கே டாக்டர்..."

"தெரு அங்கயேதான் இருக்கும். காலு இருக்காது."

எத்தனையோ டாக்டர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். ஒரு மனிதர் தன் குரலைக் கண்டுபிடிப்பதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அங்கேதான். அன்று சாயந்தரம் எடுக்க வேண்டிய முடிவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மாணிக்கம் சொன்ன பேச்சைக் கேட்டார். அதாவது, எழுத்துக்கு எழுத்து கேட்டார். கால் தரையில் படக்கூடாது என்றார்களே தவிர, பிரசாரம் கூடாது என்று அந்த ஒரு நாளைக்குத்தானே சொன்னார்கள்? வேட்புமனு போட்டுவிட்டு, குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றில் சாய்வு நாற்காலியைக் கட்டி, அதில் சாய்ந்து, கட்டுப்போட்ட காலை மூன்று தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வந்தார். யார் காலிலும் இறங்கி விழ முடியாது. அதனால் அவர் காலைப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்களிடம் ஓட்டுக் கேட்பதை மறந்துவிட்டு, குண்டூசிக் கதையை ஆரம்பித்துவிடுவார்.

"வலிக்கலம்மா, அதான் வெசயம். வலிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். ஒனக்குச் சர்க்கரை இருக்கா? செருப்பைக் கழட்டு. காட்டு. அய்யய்ய, என்ன வெடிப்பு இது! இன்னிக்கே டாக்டர்ட்ட போ."

மயக்கம் தெளிந்த முருகன்தான் மைக் பிடித்தான். அவனுக்கு எது தேர்தல், எது வைத்தியம் என்று குழம்பிப்போய்விட்டது. "உங்கள் பொன்னான பாதங்களை டாக்டரிடம் காட்டுங்கள்! உங்கள் பொன்னான வாக்குகளைத் தினமும் கழுவித் துடையுங்கள்!" என்று அவன் கத்திக்கொண்டு போனதை நான் என் காதால் கேட்டேன்.

கிளினிக்கில் இடமில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். யாரும் பதறவில்லை, யாரும் முட்டவில்லை. பிரசிடெண்டே காட்டினார் என்ற பிறகு காலைக் காட்டுவது மரியாதைக் குறைவாக இல்லாமல், கொஞ்சம் அந்தஸ்தாகவே ஆகிவிட்டது. போஸ்ட்மாஸ்டர் மட்டும் பவுடரை விடவில்லை. ஆனால் துடைத்துக்கொள்ளத் தானே ஒரு துண்டு கொண்டுவந்தார். ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்க்கும் பெண்ணின் குதிகாலில் பழுத்துக்கொண்டிருந்த புண்ணை அந்த வாரத்தில்தான் டாக்டர் கண்டுபிடித்தார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. முக்காலியை இனி அலமாரிக்குப் பின்னால் வைக்க வேண்டாம் என்று செல்வியிடம் சொன்னார்.

தேர்தல் நடந்தது. மாணிக்கம் தோற்றுப்போனார். அதுவும் மயிரிழையில்.

வேதனை அதுவல்ல. ஊராட்சித் தேர்தலில் ஓட்டு காகிதச் சீட்டில்தான். எண்ணும்போது செல்லாத சீட்டுகள் எக்கச்சக்கமாக இருந்தனவாம். எண்ணும் இடத்தில் இருந்த அவர் ஏஜெண்ட் வந்து சொன்னார். பல சீட்டுகளில் எந்தச் சின்னத்திலும் முத்திரை இல்லை. பக்கத்தில் பேனாவால் 'டாக்டர்' என்று எழுதியிருந்தார்களாம். ஒருவர் எழுதத் தெரியாமல் அழகாக ஒரு பாதம் வரைந்திருந்தாராம், ஐந்து விரலும் சரியாக. அந்தச் சீட்டுகள் மட்டும் இவர் பக்கம் விழுந்திருந்தால் மாணிக்கம்தான் தலைவர்.

முடிவு வந்த மறுநாள் அவருக்குக் கட்டுப் பிரிக்க வேண்டிய நாள். டாக்டர் காலையிலிருந்தே ஒரு நிலையில் இல்லை. எனக்கு போன் செய்து, "நீங்க வந்துடுங்க மேடம்" என்றார். பழைய கனைப்பு திரும்பி வந்திருந்தது.

மாணிக்கம் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு தனியாக வந்தார். மீசை கொஞ்சம் தளர்ந்திருந்தது. யாரிடமும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலியில் வைத்தார். டாக்டர் கட்டைப் பிரித்தார். சுத்தமாக மூடியிருந்தது. இளஞ்சிவப்பில் புதுத்தோல். டாக்டர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, நிமிராமலே இருந்தார்.

"டாக்டர்," என்றார் மாணிக்கம். "நானும் எத்தனையோ தேர்தல் பாத்துட்டேன். நிக்காமலே ஒருத்தனைத் தோக்கடிச்ச ஆளு நீங்க ஒருத்தருதான்."

செல்வி கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "நீங்க நிக்கிறீங்கல்ல பிரசிடெண்டு," என்றார். "ரெண்டு கால்லயும்."

மாணிக்கம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு அந்தப் பெரிய வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்து, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு இடது காலில் இருந்த செருப்பைத் தானே கழற்றிவிட்டு, அந்தக் காலைத் தூக்கி முக்காலியில் வைத்தார்.

"இதையும் ஒரு பார்வை பாத்துடுங்க டாக்டர்."